5.1 ஹோம் தியேட்டர் அமைப்பது எப்படி: சோபாவை நகர்த்துவதில் தொடங்கி மைக் வைத்து அளப்பது வரை

சித்தப்பா வீட்டுக்குப் புது 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், கனத்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. போன் செய்தார். "பேசறது ஒண்ணும் காதுல விழல தம்பி. சத்தத்தைக் கூட்டினா சண்டை வரும்போது ஜன்னல் ஆடுது. ரிமோட்டைக் கையிலேயே வெச்சுக்கிட்டுப் படம் பாக்கறேன்."

போய்ப் பார்த்தேன். சோபா பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பக்கத்து ஒலிக்கான சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டும் கூரைக்கு ஒரு ஜாண் கீழே பல்லி மாதிரி ஒட்டியிருந்தன. சென்டர் ஸ்பீக்கர் டிவி அலமாரிக்குள், பூஜை சாமான் டப்பாவுக்குப் பின்னால். டெலிவரிக்கு வந்த பையன், ஸ்பீக்கர்களின் ஒலியை ரிசீவர் (எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் பெட்டி) தானாகச் சரிசெய்வதற்கான மைக்கை சோபாத் தலைமாட்டில் வைத்து அளந்துவிட்டுப் போயிருக்கிறான். ரிசீவர் அளந்தது என்னவோ சரிதான். ஆனால் தப்பான இடத்தில் இருந்ததைத்தான் அது அளந்திருக்கிறது.

புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, எல்லாவற்றையும் பிரித்து வரிசையாக மறுபடி செய்தோம். அந்த வரிசைதான் கீழே இருப்பது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 14 அடி நீளம், 11 அடி அகலம் கொண்ட எங்கள் வீட்டு ஹாலையும், 11 அடிச் சுவரில் டிவியையும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஹாலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டேப், மார்க்கர், மாஸ்கிங் டேப், ஒயர் தோல் உரிக்கும் கட்டர், 1.5 வோல்ட் பென் டார்ச் பேட்டரி ஒன்று, ரிசீவரோடு வந்த மைக், அதை நிறுத்த ஒரு கேமரா ஸ்டாண்ட். கேமரா ஸ்டாண்டை யாரிடமாவது இரவல் வாங்கிவிடுங்கள். பலர் அதைச் சில்லறை விஷயம் என்று விட்டுவிட்டு, மைக்கைத் தலையணை மேல் வைக்கிறார்கள். எட்டாவது படியில் அது ஏன் வம்பு என்று தெரியும்.

போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அது காட்டும் டெசிபல் துல்லியமாக இருக்காது. ஆனால் ஒரு ஸ்பீக்கரை இன்னொன்றோடு ஒப்பிடப் போதும். சப்வூஃபருக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். போன் மைக்குகளுக்குக் கனத்த ஒலியில் காது மந்தம்.

சுவரில் ஓட்டை போடும் டிரில்லை இப்போதைக்கு எடுக்காதீர்கள். இடம் முடிவாகும் வரை ஸ்பீக்கர்கள் ஸ்டூல் மேலோ அட்டைப்பெட்டி மேலோ நிற்கட்டும்.

2. முதலில் சோபா, பிறகுதான் ஸ்பீக்கர்

உட்காரும் இடம் முடிவாகாமல் ஸ்பீக்கர் வைப்பது, மாப்பிள்ளை முடிவாகாமல் மண்டபம் பிடிப்பது மாதிரி. எல்லாக் கோணமும் தூரமும் உங்கள் காதிலிருந்துதான் அளக்கப்படுகின்றன.

பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் கனத்த ஒலி அங்கே குவிந்து எல்லாம் ‘தொம் தொம்’ என்று கேட்கும். அறையின் சரிபாதியில் உட்கார்ந்தாலும் ஆபத்து. 14 அடி நீள அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி மோதித் திரும்புவதால் உண்டாகும் முதல் நிலையலை ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸில் வருகிறது. அறையின் நடுவில், அதாவது 7 அடியில், அந்த அலைவரிசை ஏறக்குறைய காணாமல் போய்விடும். சப்வூஃபரை எவ்வளவு திருகினாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது.

எங்கள் 14 அடி ஹாலில் காது டிவி சுவரிலிருந்து 9.5 அடியில் வருகிற மாதிரி சோபாவைப் போட்டோம். பின்னால் நாலரை அடி மிச்சம். வீட்டில் எதிர்ப்பு வரும், நடக்க இடம் இல்லை என்பார்கள். ஒரு அடியாவது முன்னால் இழுக்க ஒப்புதல் வாங்குங்கள். அதற்கே பலன் தெரியும்.

சித்தப்பா வீட்டிலும் இந்தப் பஞ்சாயத்துதான் அரை மணி நேரம் எடுத்தது. மற்றதெல்லாம் சுலபம்.

3. முன்பக்க இடது, வலது

டால்பியின் வழிகாட்டல்படி, நேர் பார்வைக் கோட்டிலிருந்து இடதும் வலதும் 22 முதல் 30 டிகிரி விலகி இருக்க வேண்டும். கோணமானியைத் தேட வேண்டாம். ஸ்பீக்கர் முகம் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இருந்தால், அந்த வரிசைக்கும் காதுக்கும் 8 அடி. அப்போது இடது வலதுக்கு இடையே ஆறரை முதல் 9 அடி வரை இருக்கலாம். நாங்கள் ஏழரை அடி வைத்தோம்.

உயர் ஒலி தரும் ட்வீட்டர் உட்கார்ந்த காதின் உயரத்தில் இருக்கட்டும். சோபாவைப் பொறுத்து அது தரையிலிருந்து 3 முதல் மூன்றரை அடி. இரண்டு ஸ்பீக்கரையும் கொஞ்சம் உள்பக்கமாக, சோபாவை நோக்கித் திருப்புங்கள்.

ஒன்று மூலையில், மற்றது வாசல் திறப்பின் பக்கத்தில் என்று ஆகிவிடக் கூடாது. மூலையில் உள்ளது கனமாகவும் மற்றது மெலிந்தும் கேட்கும். இரண்டுக்கும் பக்கச்சுவர் தூரம் முடிந்தவரை சமமாக இருக்கட்டும்.

4. சென்டர் ஸ்பீக்கர்: வசனம் கேட்காததற்கு முதல் காரணம்

5.1 ஒலிக்கலவையில் வசனத்தின் பெரும்பகுதி இந்த ஒரே பெட்டியிலிருந்து வருகிறது. அதைத்தான் நம் வீடுகளில் அலமாரிக்குள் தள்ளுகிறோம்.

அலமாரித் தட்டில் உள்ளே தள்ளி வைத்தால், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஒலி மோதித் திரும்புகிறது. குடத்துக்குள் பேசுகிற குரல் வரும். ஸ்பீக்கரின் முகம் பலகையின் விளிம்பைத் தாண்டி அரை அங்குலமாவது வெளியே வரும்படி இழுங்கள். கண்ணாடிக் கதவு இருந்தால் படம் பார்க்கும்போது திறந்தே இருக்கட்டும்.

அடுத்தது சாய்வு. டிவிக்குக் கீழே இருக்கும் சென்டர் உங்கள் முழங்காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும். முன்பக்கம் அடியில் ரப்பர் ஆப்பு வைத்து, ட்வீட்டர் காதை நோக்கும்படி தூக்குங்கள். கதவு அடைக்கும் ரப்பர் ஆப்பு பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். சரியாக நோக்குகிறதா என்று பார்க்க, போன் டார்ச்சை ட்வீட்டர் மேல் வைத்து சோபாவை நோக்கி அடியுங்கள். வெளிச்சம் நெஞ்சில் விழுந்தால் இன்னும் தூக்க வேண்டும்.

சித்தப்பா வீட்டில் ஆப்பை வைத்துவிட்டுச் செய்திச் சேனல் போட்டோம். வேறு எதையும் தொடவில்லை. சித்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "சத்தம் கூட்டினீங்களா?" என்றார்.

டைல்ஸ் தரைக்கும் இதில் பங்கு உண்டு. சென்டரிலிருந்து கிளம்பும் ஒலி வழவழப்பான தரையில் தெறித்து, நேர் ஒலிக்கு ஒரு இழை பின்னால் வந்து சேர்கிறது. அதில் சொற்கள் மழுங்குகின்றன. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு கனமான ஜமுக்காளத்தை விரியுங்கள். ஜன்னலுக்குத் தடித்த திரை. ஆயிரக்கணக்கில் செலவழித்து ரிசீவரை மாற்றுவதற்கு முன் இதைச் செய்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

5. சரவுண்ட்: கூரையிலிருந்து இறக்குங்கள்

காதுக்கு நேர் பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்னால் வரை, அதாவது 90 முதல் 110 டிகிரி. எங்கள் ஹாலில் பக்கச்சுவர் காதிலிருந்து ஐந்தரை அடி. ஆகவே நேர் பக்கத்திலிருந்து 2 அடி பின்னால் வரை எங்கு வைத்தாலும் சரி.

உயரம் காது மட்டத்திலிருந்து ஒன்று, ஒன்றரை அடி மேலே போதும். கூரைக்கு அருகே வைத்தால் பின்னால் வரும் காலடி, உத்தரத்தில் யாரோ நடப்பது போலக் கேட்கும். உயரத்திலிருந்து வரும் ஒலிக்கு டால்பி அட்மாஸ் என்று தனி அமைப்பும் தனி ஸ்பீக்கரும் இருக்கின்றன; 5.1-இன் சரவுண்டை வைத்து அந்த வேலையைச் செய்ய முடியாது.

சோபா பின்சுவரோடு ஒட்டித்தான் இருக்க முடியும் என்றால், சரவுண்டைப் பின்சுவரில் தலைக்குப் பின்னால் மாட்டாதீர்கள். பக்கச்சுவரில், நேர் 90 டிகிரியில் மாட்டுங்கள்.

6. சப்வூஃபர்: தவழ்ந்து தேடுங்கள்

‘கனத்த ஒலிக்குத் திசை கிடையாது, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்’ என்று கடையில் சொல்வார்கள். திசை தெரியாது என்பது ஓரளவு உண்மை. எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்பது பொய். மூலையில் சத்தம் அதிகம் வரும், ஆனால் ஒரு சுரம் உறுமும், அடுத்தது காணாமல் போகும்.

சரியான இடத்தைத் தேடும் வழி பார்க்கச் சிரிப்பாக இருக்கும். சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில், சோபாவின் மேலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். இப்போது சப் வைக்கச் சாத்தியமான இடங்களில் எல்லாம் தரையோடு தரையாகத் தவழ்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில், தெளிவாகக் கேட்கிறதோ, அதுதான் சப்பின் இடம். சப்பும் காதும் இடம் மாறினாலும் அறை இரண்டுக்கும் நடுவில் செய்யும் வேலை மாறாது என்பதால் இந்தத் தந்திரம் பலிக்கிறது.

இதற்கு, ரிசீவரையும் சப்பையும் இணைக்கும் ஆர்சிஏ ஒயர் 5 மீட்டர் நீளத்தில் தேவை. பெட்டியோடு வருவது பெரும்பாலும் எட்டாது. தவழும்போது வீட்டுக் குழந்தைகளும் கூடவே தவழ்வார்கள். அதைத் தடுக்க வழி எனக்குத் தெரியவில்லை.

மாடி வீடென்றால் சப்பின் அடியில் தடித்த ரப்பர் அல்லது ஃபோம் பட்டை போடுங்கள். தளம் வழியாக இறங்கும் அதிர்வு குறையும். காற்றில் போகும் சத்தம் குறையாது, கீழ் வீட்டாரிடம் அப்படி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சப்பின் முதுகில் உள்ள திருகுகளை இப்போதே அமையுங்கள். கிராஸ்ஓவர் (எந்த அலைவரிசைக்குக் கீழே உள்ள ஒலி சப்புக்கு என்று வெட்டும் எல்லை) திருகை உச்சத்தில், அல்லது எல்எஃப்இ (படத்தில் கனத்த ஒலிக்கென்றே உள்ள தனிச் சேனல்) என்ற நிலை இருந்தால் அதில். எங்கே வெட்டுவது என்பதை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். இரண்டு இடத்தில் வெட்டினால் நடுவில் பள்ளம் விழும். சத்தத் திருகைப் பாதிக்குச் சற்றுக் கீழே, ஃபேஸ் (சப்பின் அலை மற்ற ஸ்பீக்கர்களோடு சேர்ந்து தள்ளுகிறதா என்பதற்கான திருகு) 0. தானாக அணையும் வசதியை அளக்கும் வேளையில் நிறுத்திவையுங்கள். இல்லையென்றால் அளவு நடுவில் சப் தூங்கிவிடும், ‘சப்வூஃபர் இல்லை’ என்று ரிசீவர் சொல்லும்.

7. ஒயர், பிளஸ் மைனஸ், டிவி இணைப்பு

ரிசீவரின் மின்சாரப் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும். ஒரே ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டால் ரிசீவர் பாதுகாப்புக்காக அணையும். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபையர் போகும்.

தனி ஸ்பீக்கர் ஒயர் கிடைக்காத ஊரில், எலக்ட்ரிகல் கடையில் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் வாங்கினால் போதும். 10 மீட்டர் ஓட்டத்தில் போக வர சேர்த்து அதன் தடை ஏறத்தாழ 0.23 ஓம்தான். 6, 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது பொருட்டல்ல. அதற்கு மேல் நீளமென்றால் 2.5 ஸ்கொயர். செம்பு பூசிய அலுமினிய ஒயர் விலை குறைவு, தடை அதிகம். முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம்.

ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதுங்கள். என் வீட்டில் சுவருக்குள் பைப் வழியாக ஒயர் இழுத்தவர் அடையாளம் எதுவும் வைக்கவில்லை, நான்கும் ஒரே நிறம். எது எங்கே போகிறது, எது பிளஸ் என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போனது.

அதற்குத்தான் பேட்டரி. ஒயரை ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டு, அந்த முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். எந்த ஸ்பீக்கர் ‘டப்’ என்கிறதோ, அதன் ஒயர் அது. வூஃபர் (ஸ்பீக்கரின் பெரிய கூம்பு) வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட இழைதான் ரிசீவரின் சிவப்பு முனைக்குப் போக வேண்டியது. உள்ளே போனால் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறியிருந்தால் அது உள்ளே இழுக்கும்போது மற்றது வெளியே தள்ளும். பேஸ் மெலிந்துவிடும், குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறும்.

டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்ப, ஆர்க் அல்லது இஆர்க் என்று எழுதிய எச்டிஎம்ஐ துளை ஒன்றுதான் டிவியில் இருக்கும். அதை ரிசீவரின் ‘அவுட்’ துளையில் இணையுங்கள், ‘இன்’ துளையில் அல்ல. பிறகு டிவி அமைப்பில் டிஜிட்டல் ஒலி வெளியீட்டை ‘பாஸ் த்ரூ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் நிலை) ஆக மாற்றுங்கள். அது ‘பிசிஎம்’ (டிவியே பிரித்து அனுப்பும் நிலை) ஆக இருந்தால் சாதாரண ஆர்க் வழியாக இரண்டு சேனல்தான் வரும். ஐந்து ஸ்பீக்கரும் ஒலிப்பது போலத் தோன்றும்; உண்மையில் ரிசீவர் இரண்டைப் பிரித்து ஐந்தாக்கிக்கொண்டிருக்கும். ஓடிடி படம் ஓடும்போது ரிசீவரின் முகப்பில் டால்பி என்ற பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

8. மைக் வைத்து அளப்பது

ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் ஒலிக்கவிட்டு மைக்கால் அளந்து தானே சரிசெய்யும் வசதி இது. டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் இதற்கு ஆடிஸி என்று பெயர், யமஹாவில் ஒய்பிஏஓ. பெயர் எதுவானாலும் ஒழுங்கு ஒன்றுதான்.

ஃபேனை அணையுங்கள். ஏசியை அணையுங்கள். ஃபிரிட்ஜ் ஹாலில் இருந்தால் அதையும் பத்து நிமிடம் அணைக்கலாம், பால் கெடாது. இரவு பத்துக்கு மேல் அளப்பது நல்லது, ஆனால் ‘வூப் வூப்’ என்று வரும் ஒலியை அக்கம்பக்கம் மன்னிக்க வேண்டும். நான் பகலில் அளந்தபோது, மைக்கை மூன்றாவது இடத்தில் வைத்திருக்கையில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. சுற்றுச் சத்தம் அதிகம் என்று ரிசீவர் நின்றுவிட்டது. அடுத்த இரண்டு விசிலுக்கும் காத்திருந்து தொடர்ந்தேன்.

மைக்கைக் கேமரா ஸ்டாண்டில் பொருத்தி, உட்கார்ந்த காது உயரத்தில், சோபா முதுகுக்குச் சில அங்குலம் முன்னால் நிறுத்துங்கள். தலைமாட்டில் வைத்தால் குஷன் உறிஞ்சுவதையும் தெறிப்பதையும் சேர்த்து அளக்கும். அதை ஈடுகட்ட உயர் ஒலியை ஏற்றி, கேட்கக் கூர்மையாக ஆக்கிவிடும். கையில் பிடிக்கவே கூடாது. பெரும்பாலான மைக்குகளின் முனை கூரையைப் பார்க்க வேண்டும், மானுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் அளவு நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில். ஆடிஸி தூரத்தையும் சத்த அளவையும் அந்த ஒன்றிலிருந்துதான் கணக்கிடுகிறது. அடுத்தவை அதைச் சுற்றி ஒன்று, இரண்டு அடிக்குள். அறையின் மூலைமுடுக்கெல்லாம் அளப்பவர்கள் உண்டு. யாரும் உட்காராத இடத்துக்காக உங்கள் இருக்கையின் ஒலியை ஏன் கெடுக்க வேண்டும்? ஒலி வரும்போது ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் நடுவில் நிற்காமல் ஓரமாகப் போய்விடுங்கள்.

9. ரிசீவர் சொன்னதை அப்படியே ஏற்காதீர்கள்

அளந்து முடிந்ததும் மெனுவுக்குள் போய் ஒவ்வொரு எண்ணையும் பாருங்கள்.

தூரம்: டேப்பில் அளந்ததோடு அரை அடிக்குள் இருக்க வேண்டும். ஒலி ஒரு அடி கடக்க ஒரு மில்லி நொடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகிறது. ஸ்பீக்கர்களுக்கு இடையே வரும் நேர வித்தியாசத்தை ரிசீவர் இந்தத் தூரத்தை வைத்துத்தான் சரிசெய்கிறது. சப் மட்டும் விதிவிலக்கு. டேப்பில் 9 அடி, ரிசீவரில் 13 அடி என்று வரும். சப்பின் உள்ளே மின்சுற்றில் ஆகும் தாமதத்தையும் அது தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது. கை வைக்க வேண்டாம். ‘தப்பா அளந்திருக்கு’ என்று 9 ஆக மாற்றியவர்கள்தான் பேஸ் மங்கிவிட்டது என்று என்னிடம் வருகிறார்கள்.

சத்த அளவு: சப்பின் அளவு கீழ் எல்லையில், பல ரிசீவர்களில் மைனஸ் 12, நின்றால் சப்பின் திருகு அதிகம் என்று பொருள். திருகைக் குறைத்து மறுபடி அளங்கள். எல்லையில் முட்டி நிற்கும் எண், இன்னும் எவ்வளவு போயிருக்கும் என்று சொல்லாது.

பெரியது, சிறியது: மெனுவில் ‘லார்ஜ்’, ‘ஸ்மால்’ என்று இருப்பதற்கும் பெட்டியின் அளவுக்கும் சம்பந்தமில்லை. ‘ஸ்மால்’ என்றால் கனத்த ஒலியைச் சப்புக்கு அனுப்பு என்று பொருள். ஆளுயர டவர் ஸ்பீக்கரையும் ஸ்மால் ஆக்குங்கள். ரிசீவரின் சுமை குறையும்.

கிராஸ்ஓவர்: 80 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். 3 அங்குலக் குட்டி ஸ்பீக்கர்களுக்கு 120, 150 என்று வந்தால் அப்படியே விடுங்கள். மைக் சொன்ன எண்ணை மேலே ஏற்றலாம். கீழே இறக்காதீர்கள், அந்தப் பகுதியை அந்த ஸ்பீக்கரால் பாட முடியாது என்று அளந்துதான் சொல்லியிருக்கிறது. எல்எஃப்இ-க்கான வடிகட்டி 120 ஹெர்ட்ஸில் இருக்கட்டும்.

‘ஃபேஸ் தவறு’ என்று ஏதாவது ஸ்பீக்கருக்கு எச்சரிக்கை வந்தால் ஒயரைப் பாருங்கள். பிளஸ் மைனஸ் சரியென்றால் தாண்டிப் போங்கள். சுவர் எதிரொலியால் மைக் ஏமாறுவது உண்டு.

10. காதால் சோதிப்பது

ரிசீவரின் சோதனை இரைச்சலை ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓடவிட்டு, போனைக் காது உயரத்தில் பிடித்துப் பாருங்கள். ஐந்தும் ஒரு டெசிபலுக்குள் நின்றால் போதும். தனி சத்தமானி இருந்தால் அதில் ‘சி’, ‘ஸ்லோ’ என்ற நிலைகளை வைத்து 75 டெசிபல்.

சப்பின் ஃபேஸைச் சோதிக்க 80 ஹெர்ட்ஸ் ஒலியை முன் ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து பாடும்படி ஓடவிட்டு, சப்பின் ஃபேஸ் திருகை 0-க்கும் 180-க்கும் மாற்றிப் பார்க்க ஒருவரிடம் சொல்லுங்கள். சோபாவில் எது சத்தமாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.

பிறகு நன்றாகத் தெரிந்த ஒரு படத்தில், இருவர் மெதுவாகப் பேசும் காட்சியைப் போடுங்கள். குரல் வாயிலிருந்து வருகிறதா, டிவிக்குக் கீழிருந்து வருகிறதா? இன்னும் வசனம் அமுங்கினால் சென்டரை மட்டும் 1, 2 டெசிபல் ஏற்றுங்கள். 5 டெசிபல் ஏற்ற வேண்டியிருந்தால் நான்காவது படியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. இரவில் குழந்தை தூங்கும்போது பார்ப்பதற்கு ‘டைனமிக் ரேஞ்ச்’ அல்லது ‘நைட்’ என்ற வசதியைப் போட்டால் சண்டைச் சத்தம் இறங்கி வசனம் மேலே வரும்.

சப்பிலிருந்து விடாமல் ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தால், டிவிக்கோ செட்டாப் பாக்ஸுக்கோ போகும் கேபிள், டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் எர்த் இரண்டு வழியாக வருகிறது என்று பொருள். எல்லாவற்றையும் ஒரே மல்டிபிளக்கில் கொடுத்துப் பாருங்கள். மூன்று முனைப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்தும் முனகலை நிறுத்துகிறார்கள், அது உயிருக்கு ஆபத்து.

எல்லாம் சரியானதும் மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். சோபாவின் முன்கால் நிற்கும் இடத்திலும் தரையில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப். சித்தப்பா வீட்டில் தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது சோபா மறுபடி பின்சுவருக்குப் போய்விட்டது. இந்த முறை எனக்குப் போன் வரவில்லை. டேப்பைப் பார்த்து அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.